வள்ளமும் அட்டையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் சிம்கோ ஏரியில் மீன் பிடித்த கதையை எழுதும்போது, போகிற போக்கில் "வள்ளம் வாங்கியவர்கள் எல்லோரும் அட்டை எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு வரி கேட்டு வைத்தேன். கனடாவில் இயந்திர வள்ளம் ஓட்டுபவர் பரீட்சை எழுதி எடுக்க வேண்டிய படகோட்டுநர் அட்டையைத்தான் சொன்னேன். மீனைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்தன. அட்டையைப் பற்றி வந்தவை ஒரு பை நிறைய. கோடை நெருங்குகிறது, ரொறன்ரோவில் நம்மவர்களின் வீட்டு முற்றங்களில் காருக்குப் பக்கத்தில் வள்ளம் நிற்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. எனவே இந்த முறை பத்தி முழுவதையும் அதற்கே விட்டுவிடுகிறேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். வல்வெட்டித்துறையில் பிறந்து, 1988இலிருந்து ஸ்காபரோவில் இருப்பவன். 16 அடி அலுமினிய வள்ளம் ஒன்றும், 20 குதிரைவலு இயந்திரம் ஒன்றும், அவற்றைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லாத மனைவி ஒருவரும் எனக்கு உண்டு.

மார்க்கத்திலிருந்து ஒரு வாசகி: என் கணவர் 14 அடி வள்ளமும் 9.9 குதிரைவலு இயந்திரமும் வாங்கியிருக்கிறார். பத்துக்குக் குறைவாக இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை என்று விற்றவர் சொன்னாராம். உண்மையா?

பாதி உண்மை, தங்கச்சி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் பலர் அபராதம் கட்டுகிறார்கள்.

"போட் லைசென்ஸ்" என்று நாம் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். ஒன்று வள்ளத்துக்கு உரியது, மற்றது ஆளுக்கு உரியது. காருக்கு இலக்கத் தகடு, ஓட்டுபவருக்கு ஓட்டுநர் உரிமம் என்பதுபோல.

வள்ளத்துக்கு உரியது அதன் பதிவு இலக்கம். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் பூட்டியிருந்தால் அது வேண்டும். அணியத்தின், அதாவது முன்பகுதியின், இரு பக்கமும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, குறைந்தது 7.5 சென்டிமீட்டர் உயர எழுத்தில், வள்ளத்தின் நிறத்தோடு கலந்துவிடாத நிறத்தில் ஒட்ட வேண்டும். அந்த உரிமத்தின் பிரதி வள்ளத்திலேயே இருக்க வேண்டும். இதற்குக் காலாவதித் திகதி உண்டு. விற்றவர் சொன்ன பத்துக் கணக்கு இதற்குத்தான், 9.9க்கு இது தேவையில்லை என்பது சரி.

ஆளுக்கு உரியதுதான் படகோட்டுநர் அட்டை. இதில் பத்தும் இல்லை, ஐந்தும் இல்லை. பொழுதுபோக்குக்காக ஓடும் வள்ளத்தில் இயந்திரம் என்று ஒன்று பூட்டியிருந்தால் போதும். தூண்டில்காரர் வைத்திருக்கும் சின்ன மின்சார மோட்டாராக இருந்தாலும் சரி, ஓட்டுபவரிடம் அட்டை இருக்க வேண்டும். 1999இல் இளையவர்களில் தொடங்கி, படிப்படியாக வந்து, 2009 செப்டம்பர் 15இலிருந்து எல்லா வயதினருக்கும் இது கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 250 டொலர், அதற்கு மேல் கட்டணங்கள் வேறு. ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுவதற்கும் செல்லும்.

ஆகவே உங்கள் கணவரின் வள்ளம் குற்றமற்றது. கணவர்தான் பரீட்சை எழுத வேண்டும்.

பிரம்டனிலிருந்து ஒருவர்: யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இருபது வருடம் கடற்றொழில் செய்தவன் நான். இருட்டில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கரைக்கு வந்தவன். இந்த ஏரியில் ஓடுவதற்கு எனக்குப் பரீட்சையா?

அண்ணை, இதே கேள்வியை இதே கோபத்தோடு 2013இல் நானும் கேட்டேன். ஒன்பது வயதில் அப்பா சுக்கானைக் கையில் தந்தார். அப்படிப்பட்ட என்னிடம், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து "வள்ளத்தின் முன்பகுதியின் பெயர் என்ன?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இணையத்தில் எடுக்கும் பாடம் குறைந்தது மூன்று மணி நேரம். அவசரப்பட்டுத் தட்டிக்கொண்டு போக முடியாது. பக்கம் தானாகத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் தேநீர் குடித்தேன், பத்திரிகை வாசித்தேன், தொலைபேசியில் மச்சானோடு கதைத்தேன். பிறகு பரீட்சை: 50 கேள்விகள், தேறுவதற்கு 75 சதவீதம், அதாவது 38 சரியாக இருக்க வேண்டும். நான் எடுத்தது 35.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மறுபடி எழுத ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்ற விதி எனக்கு அன்று வசதியாகப் போயிற்று. இரவு, பிழைத்த இடங்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை மிதவைகள், தண்ணீரில் வழி காட்ட மிதக்கவிட்டிருக்கும் நிறக் குறிகள்.

துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடது கைப்பக்கம், பச்சை வலது கைப்பக்கம். இதுதான் எனக்குத் தெரிந்த உலகம். அப்பா காங்கேசன்துறையில் காட்டித் தந்தது அது. இலங்கை, இந்தியா, ஐரோப்பா எல்லாம் அந்தக் கணக்குத்தான். ஆனால் உலகம் இதில் இரண்டு பிரிவு, அண்ணை. வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் மற்றப் பிரிவு. இங்கே கடலிலிருந்து உள்ளே வரும்போதும், ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக மேலே போகும்போதும், சிவப்பு வலது பக்கம் இருக்க வேண்டும். நேர் எதிர். நான் ஒன்றும் தெரியாமல் பிழை விடவில்லை. நன்றாகத் தெரிந்ததால் பிழை விட்டேன். இந்தக் கேள்விகளைக் கடதாசியில் பிழைத்தால் மதிப்பெண் போகும். தண்ணீரில் பிழைத்தால் இயந்திரத்தின் விசிறி பாறையில் அடிபடும். ஒன்ராறியோவின் ஏரிகளுக்குள் கருங்கற்பாறை எங்கே தலையை மறைத்துக்கொண்டு கிடக்கிறது என்று எந்த நட்சத்திரமும் சொல்லாது.

இன்னொன்று குளிர். நம்முடைய கடல் தவறி விழுந்தவனுக்கு நேரம் கொடுக்கும். பகல் முழுவதும் மிதந்து தப்பிய ஆட்களை நீங்களும் அறிவீர்கள். இங்கே மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறைக்கு வள்ளத்தை இறக்கப் போனேன். வெயில் நன்றாக எறித்தது, கைச்சட்டை போதும்போல் இருந்தது. பலகைத் துறையில் பாசி. வழுக்கியது. தண்ணீர் நெஞ்சளவுதான் இருக்கும். ஆனால் என் மூச்சு என் சொல்லைக் கேட்கவில்லை. வாயைத் திறந்து திறந்து இழுக்கிறேன், உள்ளே போனது காற்றா தண்ணீரா என்று தெரியவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரர் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். என்னுடைய உயிர்காப்பு அங்கி அந்நேரம் வள்ளத்தின் இருக்கையில் காய்ந்துகொண்டிருந்தது.

மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்க. அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொல்வதைக் கேட்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடம்பு குளிர்ந்து நினைவு தப்பும். நீந்தத் தெரிந்தவனும் அந்த முதல் நிமிடத்திலேயே சாகலாம். எனக்கு நீச்சல் தெரியும் என்பதால் அங்கி வேண்டாம் என்று இருந்தேன் பாருங்கள், அந்த மடமை மயிலிட்டிக்காரருக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இரண்டாவது முறை 47 எடுத்தேன். இதை வீட்டில் சொன்னேன்.

ஏஜாக்ஸிலிருந்து ஓர் இளைஞர்: பாய்வள்ளம் பழகுகிறேன். பாய்க்கு அட்டை தேவையில்லை என்கிறார்கள். வல்வெட்டித்துறைக்காரர் அட்டை இல்லாமல்தானே அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்?

இயந்திரமே இல்லாத பாய்வள்ளத்துக்கு அட்டை தேவையில்லை. துடுப்புப் படகு, கனூ, கயாக் இவற்றுக்கும் அப்படியே. ஆனால் பின்னால் ஒரு சின்ன இயந்திரத்தைத் தொங்கவிட்டீர்களோ, கதை மாறிவிட்டது. பாயை விரித்து இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் அட்டை வேண்டும். பூட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓடுகிறதா என்பது இல்லை.

ஒழுங்கு விதியில் மட்டும் ஓடுகிறதா என்பது பொருட்டு. வெறும் பாயில் போகும்போது இயந்திர வள்ளங்கள் உங்களுக்கு வழிவிட வேண்டும். பாய் விரித்தபடியே இயந்திரத்தையும் முடுக்கினால் நீங்களும் இயந்திர வள்ளம்தான். பாயைக் காட்டி வழி கேட்க முடியாது. இதை அறியாத பாய்க்காரர்கள் சிம்கோவில் நிறைய. என்னைப் பார்த்துக் கை காட்டித் திட்டியும் போயிருக்கிறார்கள்.

நம்மூர்க் கப்பலை இழுத்தீர்கள், விட மனம் வரவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கினார். புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாறிய அந்தக் கப்பலை நம் ஊர் மாலுமிகள் செலுத்திப்போய் 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி மாசச்சூசெட்ஸில் குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். அவர்கள் கையில் அட்டை இருக்கவில்லை என்பது சரி. அப்பா சொல்வார்: வத்தையில் ஏறிய பையன் முதலில் சமைப்பான், பிறகு தண்ணீர் இறைப்பான், பிறகு பாய் சுருட்டுவான், சுக்கானில் கை வைக்கத் தண்டையல், அதாவது கப்பல் தலைவர், கண் காட்டுவதற்கு வருடக்கணக்காகும். மூன்று மணி நேரப் பாடத்தை விட்டுவிட்டு அந்த வழியில் போக விருப்பம் என்றால் சொல்லுங்கள், என் வள்ளத்தில் தண்ணீர் இறைக்க ஆள் தேவைப்படுகிறது.

ஒட்டாவாவிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு 13 வயது. அவனும் பரீட்சையில் தேறிவிட்டான். தனியாக ஓட்டலாமா? நீர் ஸ்கூட்டர் கேட்கிறான்.

12 வயதிலிருந்து 16 ஆகும்வரை, பெரியவர் துணை இல்லாமல் ஓட்டுவதென்றால் 40 குதிரைவலுவரைதான். 12க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 10 வரை. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் அதே வள்ளத்தில் கூட இருந்து கவனித்தால் இந்த எல்லைகள் இல்லை.

நீர் ஸ்கூட்டர் 16 ஆகும்வரை கிடையாது. நீங்கள் பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் கிடையாது. பழியைச் சட்டத்தின் மேல் போட்டுவிடுங்கள். மகனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மிசிசாகாவிலிருந்து ஒருவர்: நண்பர்களோடு 18 அடி வள்ளத்தில் போகும்போது ஓட்டுபவரைத் தவிர மற்றவர்கள் ஒரு பியர் குடித்தால் என்ன?

ஒன்ராறியோவில் வள்ளத்தில் குடிப்பதற்கு அந்த வள்ளத்தில் நிரந்தரமான படுக்கை, நிரந்தரமான அடுப்பு, நிரந்தரமான கழிப்பறை மூன்றும் இருக்க வேண்டும். அதோடு அது நங்கூரமிட்டோ கரையில் கட்டியோ நிற்க வேண்டும். உங்கள் 18 அடி வள்ளத்தில் இந்த மூன்றும் இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். இல்லையென்றால் போத்தல் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும், கரைக்கு வந்து திறக்கலாம்.

குடித்துவிட்டு வள்ளம் ஓட்டுவது கார் ஓட்டுவது போன்ற அதே குற்றவியல் குற்றம். ஏரியில் பிடிபட்டவரின் கார் உரிமமும் சேர்ந்து போய்விடும். தண்ணீரில் செய்ததற்குத் தரையில் தண்டனையா என்று ஒருவர் என்னிடம் நியாயம் கேட்டார். அவர் இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி: கரையில் நிற்கும்போது பொலிஸார் வந்து எங்கள் வள்ளத்தைச் சோதித்தார்கள். அட்டை இருந்தும் எச்சரித்துவிட்டுப் போனார்கள். வேறு என்ன வைத்திருக்க வேண்டும்?

அட்டையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி பொருள்கள்தான். ஆறு மீட்டருக்கு உட்பட்ட வள்ளத்துக்குச் சொல்கிறேன்: ஏறியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் ஓர் உயிர்காப்பு அங்கி, எறிந்தால் மிதக்கிற 15 மீட்டர்க் கயிறு, துடுப்பு, அல்லது 15 மீட்டர்க் கயிறோ சங்கிலியோ கட்டிய நங்கூரம், தண்ணீர் இறைக்க வாளி அல்லது கைப்பம்பி, நீர் புகாத டார்ச், ஒரு விசில் அல்லது ஊதுகுழல், இருட்டில் ஓடுவதானால் விளக்குகள். இயந்திரம் உள்ளே பொருத்தியதாகவோ எரிபொருள் தாங்கி நிரந்தரமானதாகவோ இருந்தால் தீயணைப்பானும் வேண்டும்.

என்னையும் ஒருமுறை நிறுத்தினார்கள். அங்கி இருந்தது, வாளி இருந்தது, விசில் கழுத்தில். "எறிகயிறு?" என்றார் அந்தப் பெண் அதிகாரி. பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் கையில் வாங்கி விரித்தார், சட்டென்று முடிந்துவிட்டது. மீதிக் கயிறு எங்கே போயிற்று என்று எனக்கு அந்தக் கணமே விளங்கியது. பெறாமகளின் கல்யாணத்துக்கு வீட்டு வாசலில் வாழைமரம் கட்ட யாரோ வெட்டியிருக்கிறார்கள். செம்மஞ்சள் நிறக் கயிறு. கல்யாண வீடியோவில் இன்றைக்கும் பளிச்சென்று தெரிகிறது. "கலாசார நிகழ்வு" என்று விளக்கினேன். அவர் சிரித்தார், எழுத்தில் எச்சரிக்கை தந்தார். கரைக்கு வந்ததும் புதுக் கயிறு வாங்கி, கடை வாசலிலேயே கையை விரித்து அளந்தேன்: எட்டுப் பாகத்துக்குக் கொஞ்சம் மேல். பாகக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அளவுநாடா தேவையில்லை.

அதிகாரிகள் கவனிக்கும் இன்னொன்று கரையோர வேகம். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

மீண்டும் மார்க்கம், வேறு ஒருவர்: 74 வயது அம்மாவை வள்ளத்தில் கூட்டிப்போக ஆசை. அவர் சேலைதான் உடுப்பார். அங்கி போட மறுக்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

வளர்ந்தவர் வள்ளத்தில் அங்கியை அணிந்தே ஆக வேண்டும் என்று உங்கள் மாதிரி வள்ளத்துக்குச் சட்டம் இல்லை. அவர் அளவில் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும் என்கிறது. சட்டம் சொல்வதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஆறு யார்ச் சேலை நனைந்தால் என்ன பாரம் என்று துவைப்பவர்களுக்குத் தெரியும். அதோடு அது கால்களைச் சுற்றிக்கொள்ளும். என் மாமியாருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். கடைக்கு அவரையே கூட்டிப்போனேன். அங்கியின் உட்புறத்தில் நிறையும் மார்பளவும் அச்சிட்டிருக்கும்; அதைப் பார்த்து, சேலைக்கு மேலேயே போட்டு, எல்லாக் கொக்கியையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தேன். காதுவரை ஏறினால் பெரிது, வேறு அளவு எடுக்க வேண்டும். மூன்றாவது சரியாக வந்தது. நிறத்தில்தான் பிரச்சினை: அவருக்கு நாவல் நிறம் பிடித்திருந்தது, நான் மஞ்சளில் நின்றேன். தண்ணீரில் மஞ்சளும் சிவப்பும் செம்மஞ்சளும்தான் தூரத்தில் தெரியும்.

தானாகக் காற்று நிரம்பும் மெல்லிய வகை அழகாக இருக்கும். ஆனால் திறந்த வள்ளத்தில் அதை அணிந்திருந்தால்தான் கணக்கு. பெட்டிக்குள் இருந்தால் இல்லாத மாதிரிதான். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது ஆகாது.

ஒஸ்லோவிலிருந்து ஒருவர்: ஜூலையில் அண்ணன் வீட்டுக்கு ரொறன்ரோ வருகிறேன். என்னிடம் நோர்வே படகுச் சான்றிதழ் உண்டு. அவருடைய வள்ளத்தை ஓட்டலாமா?

ஓட்டலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அவருடைய நாட்டின் விதிப்படி வழங்கப்பட்ட சான்றிதழைக் கனடா ஏற்றுக்கொள்கிறது. சான்றிதழின் மூலத்தையும் கடவுச்சீட்டையும் வள்ளத்தில் வைத்திருங்கள், கைப்பேசிப் படத்தை நம்ப வேண்டாம். இங்கேயே குடிவந்துவிட்டால் எங்கள் அட்டை எடுக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தால் ஒரு பழைய ஆற்றாமை கிளம்புகிறது. உங்கள் நாட்டில் 1980இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் 8 மீட்டரைவிட நீளமான அல்லது 25 குதிரைவலுவைவிட வலுவான வள்ளத்தை ஓட்டினால்தான் சான்றிதழ் கேட்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் தம்பிக்கு 6 கிலோவாற்றைத் தாண்டிய இயந்திரத்துக்கும் 15 சதுர மீட்டரைத் தாண்டிய பாய்க்கும் தனித்தனிப் பரீட்சை. அதுவும் பரீட்சகர் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, கரையில் கட்டிக்காட்டு, ஆள் விழுந்தால் திரும்பிப் போய் எடுத்துக்காட்டு என்று வேலை வாங்குகிறார். தம்பி பல மாதம் பழகினான். லண்டன் பக்கம் கடலில் சொந்த வள்ளம் ஓட்ட எதுவுமே கேட்பதில்லை. கனடா நடுவில் நிற்கிறது: எல்லோரிடமும் அட்டை கேட்கிறது, ஆனால் ஒரு முழம்கூட ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. சுக்கானையே தொடாத ஒருவர் சோபாவில் சாய்ந்தபடி தேறி, மறுநாள் 200 குதிரைவலு வள்ளத்தில் ஏறலாம். ஜூலை நீண்ட விடுமுறையில் படகுத்துறைச் சரிவில் அரை மணி நேரம் நின்றால் அப்படித் தேறியவர்களை எல்லாம் பார்க்கலாம்.

வாட்டர்லூவிலிருந்து ஒரு குடும்பம்: ட்ரெண்ட்–செவர்ன் நீர்வழியில் வீட்டுப்படகு வாடகைக்கு எடுத்துப் போக விருப்பம். எங்களில் யாரிடமும் அட்டை இல்லை.

வாடகைக்காரருக்கு ஒரு வாசல் உண்டு. புறப்படுமுன் வாடகை நிறுவனம் ஒரு பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வாசித்துக் காட்டி, வள்ளத்தைக் கையாளவும் அந்தப் பகுதியின் ஆபத்துகளையும் சொல்லித்தந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டால், அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே அட்டை. சுக்கான் பிடிக்கப்போகிற எல்லோரும் அந்த நேரம் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் கேட்கிறார், மற்றவர்கள் குளிர்பெட்டி ஏற்றுகிறார்கள். பிறகு அந்த மற்றவர்தான் ஓட்டுகிறார். இதுதான் வழக்கமாக நடப்பது.

போக வேண்டிய இடம்தான். ட்ரென்டனிலிருந்து போர்ட் செவர்ன்வரை 386 கிலோமீட்டர். பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்குப்பூட்டு வள்ளத்தைத் தண்ணீர்த்தொட்டியோடு 20 மீட்டர் அளவு மேலே தூக்கிவிடும். என் மாமியார் அதில் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடினார். நீர்மட்டம் மாறும் இடங்களில் வள்ளத்தை ஏற்றி இறக்கும் இந்தப் பூட்டுகளைக் கடக்கத் தனி அனுமதிச்சீட்டு உண்டு. அவை மே நடுப்பகுதி விடுமுறையிலிருந்து ஒக்டோபர் நன்றி நவிலல் நாள்வரைதான் இயங்கும்.

மேலே பிரம்டன் அண்ணைக்குச் சொன்ன மிதவைக் கதை இங்கே இன்னொரு முறை தலைகீழாகும். ட்ரென்டனிலிருந்து ஏறும்போது சிவப்பு வலப்பக்கம். பால்சம் ஏரிதான் இந்த நீர்வழியின் உச்சி. அதைத் தாண்டி, கிர்க்ஃபீல்ட் பூட்டில் மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் நீங்கள் கீழ்நோக்கிப் போகிறீர்கள். சிவப்பு இடப்பக்கம் வந்துவிடும். சுக்கானுக்கு முன்னால் ஒரு சின்னக் கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். அந்த இடத்தில் கடதாசியைத் திருப்பி ஒட்டுங்கள்.

பிக்கரிங்கிலிருந்து ஒருவர்: கரையோடும் மற்ற வள்ளங்களோடும் பேச வள்ளத்தில் வீ.ஹெச்.எஃப். வானொலி பூட்டியிருக்கிறேன். அதற்கும் உரிமமா?

பேசுவதற்கு உண்டு. கடல்சார் வானொலி இயக்குநர் சான்றிதழ் என்று தனிப் பரீட்சை. அதுவும் ஆயுள் முழுவதற்கும். ஒன்ராறியோ ஏரியில் கரையை விட்டு விலகிப் போகிறவர் எடுக்கத்தான் வேண்டும். கைப்பேசி அங்கே கைவிடும். 16ஆம் அலைவரிசை அவசரத்துக்கும் அழைப்புக்கும். சமையல் கேட்கும் இடம் அது அல்ல. ஒரு நம்மவர் அதில் வீட்டுக்காரியிடம் "மீன் கழுவ ஆளை வரச் சொல்லு" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஸ்காபரோ, ஒரு சிறுமி (வயது 10): மாமா, எங்களையும் உங்கள் வள்ளத்தில் ஏற்றுவீர்களா?

என் வள்ளத்தின் உட்பக்கத்தில் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கிறது பிள்ளை. எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு வலுவான இயந்திரம் என்று அதில் இருக்கும். ஐந்து பேர் என்று போட்டிருக்கிறது. நான் ஒருவன், மாமி ஒருவர். மூன்று இடம் உண்டு. உன் அங்கியை நீயே கொண்டு வா, அம்மாவிடம் கேட்டுவிட்டு வா. ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு வா. அதற்கு முன் அந்தத் தண்ணீரை நான் நம்புவதில்லை.